கைவிடப்பட்ட கிளைகள்: நிகழ்பட விளையாட்டிலிருந்து உருவான அனிமே தொடர்களும் அவற்றின் வட்டுப் பதிப்புகளும்

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானிய நிகழ்பட விளையாட்டுகள் பலவற்றிற்கு ஒன்றுக்கு மேற்பட்ட முடிவுகள் உண்டு. அவை தொலைக்காட்சி அனிமே தொடர்களாக மாறும்போது ஒரு முடிவே தேர்ந்தெடுக்கப்படுகிறது. எஞ்சிய முடிவுகளுள் சில, பின்னர் விற்பனைக்கு வரும் டிவிடி, புளூ-ரே வட்டுகளில் தனிப் பகுதிகளாக இடம்பெறுகின்றன. கிளனாட், பெர்சோனா 4, ஸ்டைன்ஸ்;கேட் ஆகிய மூன்று தொடர்களை முதன்மைச் சான்றாகக் கொண்டு, வீட்டுக்காணொளி வெளியீடு என்பது ஒளிபரப்பின் நகலாக அமையாமல் வேறொரு பாடமாக அமையும் தன்மையை இக்கட்டுரை விளக்குகிறது. இத்தொடர்களை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வோர் எந்தப் பதிப்பை மூலமாகக் கொள்வது என்னும் சிக்கலும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அனிமே, நிகழ்பட விளையாட்டு, தழுவல், வீட்டுக்காணொளி, பாடவேறுபாடு, பதிப்பு.

முன்னுரை

ஒரு நூலை ஆராயப் புகுவோர் முதலில் எழுப்பும் வினா, எந்தப் பதிப்பு என்பதாகும். அச்சு நூல்களுக்கு இவ்வினா இயல்பாக எழுகிறது; திரைப்படத்திற்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் பெரும்பாலும் எழுவதில்லை. ஒருமுறை ஒளிபரப்பானதே பின்னர் வட்டிலும் ஓடிடி தளத்திலும் கிடைக்கிறது என்ற எண்ணமே இதற்குக் காரணம். அனிமே துறையில் இவ்வெண்ணம் பல நேரங்களில் பொய்த்துவிடும். ஒளிபரப்பில் வந்த காட்சி வட்டில் மாறியிருக்கலாம். ஒளிபரப்பில் இல்லாத ஒரு முழுப் பகுதி வட்டில் இருக்கலாம். ஒளிபரப்பான ஒரு பகுதி எந்த வட்டிலும் இடம்பெறாமலே போயிருக்கலாம்.

அனிமே தொடர்கள் அனைத்திற்கும் இது ஓரளவு பொருந்துமாயினும், விளையாட்டிலிருந்து பிறந்த தொடர்களில் சிக்கல் ஆழமானது. நாவலிலிருந்தோ சித்திரக்கதையிலிருந்தோ உருவான தொடருக்கு மூலம் ஒரே நேர்க்கோட்டில் செல்கிறது. விளையாட்டின் மூலமோ கிளைத்துச் செல்வது. ஆடுபவரின் தெரிவுக்கேற்ப மாறும் ஒன்றை, தெரிவு செய்ய வழியற்ற பார்வையாளருக்கு எப்படித் தருவது என்ற வினாவுக்கு, 2000க்குப் பிந்தைய ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் கண்ட விடைகளுள் ஒன்று வட்டு.

வட்டின் வணிகம்

வீட்டுக்காணொளி ஜப்பானிய அசைவூட்டத் துறையில் தனி வடிவமாகவே வளர்ந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த டல்லோஸ், திரையரங்கையும் தொலைக்காட்சியையும் நாடாமல் ஒளிநாடாவுக்கென்றே உருவாக்கப்பட்ட முதல் அனிமேயாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. மமோரு ஒஷீயி அதன் இயக்குநர்களுள் ஒருவர். இதனையடுத்து ஒளிநாடாவுக்கான படைப்புகள் ஓவிஏ என்னும் சுருக்கப்பெயருடன் ஒரு வகைமையாகவே நிலைபெற்றன. விளையாட்டுத் தழுவலும் ஏறத்தாழ இக்காலத்திலேயே தொடங்குகிறது. சூப்பர் மாரியோ விளையாட்டை ஒட்டி, இளவரசி பீச்சை மீட்கும் கதையாக அமைந்த திரைப்படம் 1986 ஜூலை 20 அன்று ஜப்பானியத் திரையரங்குகளில் வெளியானது. பின்னர் ஒளிநாடாவாக வந்த அப்படம், நெடுங்காலம் டிவிடி வடிவத்தைக் காணவில்லை. 2022இல் ஆர்வலர்கள் 35 மி.மீ. படச்சுருள் ஒன்றைப் பெற்றுத் தாமே எண்ணிமப்படுத்தி வெளியிட்ட பின்னரே தெளிவான படி பரவலாகக் கிடைத்தது. உலகறிந்த ஒரு விளையாட்டின் முதல் திரைவடிவத்திற்கே இந்நிலை எனில், மற்றவற்றின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

1990களின் பிற்பகுதியிலிருந்து நள்ளிரவு அனிமே என்னும் முறை வலுப்பெற்றது. இம்முறையில் பதிப்பகம், இசைத்தட்டு நிறுவனம், வட்டு வெளியீட்டாளர், விளையாட்டு நிறுவனம் முதலியோர் இணைந்து தயாரிப்புக் குழு ஒன்றை அமைத்துத் தொடருக்கான செலவைப் பகிர்ந்துகொள்வர். நள்ளிரவு ஒளிபரப்பு நேரத்திற்குத் தொலைக்காட்சி நிலையம் இக்குழுவுக்குப் பணம் தருவதில்லை. குழுவே நேரத்தை விலைக்குப் பெறுகிறது. ஆகவே ஒளிபரப்பு வருவாய்க்கான வழியாக இல்லாமல் விளம்பரமாகவே அமைகிறது. போட்ட முதல், வட்டு விற்பனையிலும் சார்புப் பொருள்களிலும் திரும்ப வேண்டும். ஒரு வட்டில் இரண்டு அல்லது மூன்று பகுதிகளே இருக்கும். விலை ஏறத்தாழ 6,000 முதல் 8,000 யென். 25 பகுதிகள் கொண்ட தொடரை முழுமையாக வாங்க ஒன்பது அல்லது பத்து வட்டுகள் தேவை. மொத்தச் செலவு 60,000 யென்னைத் தாண்டிவிடும்.

இலவசமாக ஒளிபரப்பான ஒன்றை இவ்விலை கொடுத்து எவரும் வாங்க வேண்டுமெனில் வட்டில் கூடுதலாக ஏதேனும் இருந்தாக வேண்டும். இசை வட்டு, ஒலிநாடகம், விளக்கச் சிறுநூல், மூல விளையாட்டின் ஓவியர் வரைந்த உறைப்படம் ஆகியவை வழக்கமான இணைப்புகள். அவசரத்தில் வரையப்பட்ட காட்சிகளைத் திருத்தி வரைவதும் உண்டு. இவற்றுள் மிக வலிமையான ஈர்ப்பு, ஒளிபரப்பில் வராத ஒரு பகுதியே ஆகும். கதைக்கலை சார்ந்த சிக்கலுக்கான விடையும் வணிகத் தேவையும் இவ்விடத்தில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. இரண்டில் எது காரணம், எது விளைவு என்பதைத் தொடருக்குத் தொடர் தனித்தனியே பார்த்தே சொல்ல இயலும்.

கிளைக்கதையின் இயல்பு

காட்சி நாவல் என்று வழங்கப்படும் விளையாட்டு வகையில் ஆடுபவர் பெரும்பாலும் வாசிப்பவரே. பின்னணி ஓவியம், பாத்திரத்தின் உருவம், குரல், இசை ஆகியவற்றுடன் உரை திரையில் வருகிறது. சில இடங்களில் இரண்டு அல்லது மூன்று தெரிவுகள் தரப்படும். அவற்றைப் பொறுத்துக் கதை ஒரு குறிப்பிட்ட பாத்திரத்தை நோக்கித் திரும்பும். ஆடுபவர் ஒருமுறை முடித்துவிட்டு மீண்டும் தொடங்கி வேறு வழியில் செல்வார். எல்லா வழிகளையும் முடித்த பின்னரே சில விளையாட்டுகளில் இறுதி வழி திறக்கும். எனவே ஒரு முடிவை மட்டும் அறிந்தவர் அப்படைப்பை முழுமையாக அறிந்தவராகார். திரும்பத் திரும்ப ஆடுவதன் வழியே சேரும் அறிவும், முந்தைய வழியில் கைவிடப்பட்டவரைப் பற்றிய நினைவுமே இவ்வகையின் உணர்ச்சி வலிமைக்கு அடிப்படை.

தழுவலில் இதற்குப் பல உத்திகள் உண்டு. 2010இல் ஒளிபரப்பான அமகாமி எஸ்எஸ் தொடர், ஆறு நாயகியருக்கும் தலைக்கு நான்கு பகுதிகள் ஒதுக்கி, ஒவ்வொரு நான்கிற்கும் பின் கதையைத் தொடக்கத்திற்கே கொண்டு சென்றது. நேர்மையான உத்திதான், ஆயினும் ஒரு பெரிய கதை உருவாக அதில் இடமில்லை. பெரும்பாலான தொடர்கள் ஒரு வழியைத் தண்டாகக் கொண்டு, மற்ற வழிகளின் நிகழ்ச்சிகளை அதில் ஒட்டவைக்கின்றன. ஒட்டாதவை வெளியே நிற்கும்.

கிளனாட்: மற்றோர் உலகம்

கீ நிறுவனத்தின் கிளனாட் 2004 ஏப்ரலில் கணினி விளையாட்டாக வெளிவந்தது. கியோட்டோ அனிமேஷன் நிறுவனத்திற்காகத் தட்சுயா இஷிஹாரா இயக்கிய தொடர் 2007 அக்டோபரிலும், அதன் தொடர்ச்சியான ஆஃப்டர் ஸ்டோரி 2008 அக்டோபரிலும் தொடங்கின. பள்ளி வாழ்க்கையில் பற்றற்றுத் திரியும் தொமோயா என்னும் இளைஞன் நகிசாவைச் சந்திப்பதும், அவர்கள் மணந்து குடும்பம் ஆவதும், இழப்பும் மீட்பும் கதையின் தண்டு.

மூல விளையாட்டில் வெவ்வேறு பாத்திரங்களின் வழிகளை முடிக்குந்தோறும் ஆடுபவருக்கு ஓர் ஒளிக்கோளம் கிடைக்கிறது. போதிய கோளங்களைத் திரட்டினால்தான் இறுதி முடிவு திறக்கும். பிறருடைய துயரத்தைத் தீர்த்த புண்ணியம் தன் குடும்பத்தைக் காக்கும் என்னும் கருத்து, விளையாட்டின் இயக்கவிதியாகவே அமைந்திருந்தது. தொடரில் தொமோயா ஒரே வாழ்க்கையில் எல்லோருக்கும் உதவி, அவற்றின் பயனாகவே கோளங்களைப் பெறுகிறான். ஃபூக்கோ, கொத்தோமி ஆகியோரின் கதைகள் இம்முறையில் தண்டோடு இணைந்தன. அவை காதல் கதைகளாக இல்லாமலேயே நிற்கக்கூடியவை என்பதே இதற்குக் காரணம்.

தொமோயோ, கியோ ஆகிய இருவரின் வழிகள் அவ்வாறு இணையவில்லை. அவர்களுடைய கதைகளின் உட்பொருளே தொமோயாவுடனான காதலாகும்; அதை எடுத்துவிட்டால் எஞ்சுவது மிகக் குறைவு. தொலைக்காட்சித் தொடர் அவர்களுடைய காதலை ஒருதலையாக்கி, தோல்வியைச் சொல்லாமல் உணர்த்தி நகர்ந்துவிட்டது. அடுத்து வட்டு வந்தது. 2008 ஜூலையில் வெளியான முதல் தொடரின் எட்டாம் டிவிடியில் ‘மற்றோர் உலகம்’ என்னும் அடையுடன் தொமோயோ அத்தியாயமும், 2009 ஜூலையில் வெளியான ஆஃப்டர் ஸ்டோரியின் எட்டாம் டிவிடியில் அதே அடையுடன் கியோ அத்தியாயமும் சேர்க்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஒரே பகுதி.

‘மற்றோர் உலகம்’ என்னும் தலைப்பு கூர்ந்து நோக்கத்தக்கது. விளையாட்டில் அவ்வழிகள் மற்றோர் உலகமாக இருந்ததில்லை. நகிசாவின் வழிக்கு நிகரான தகுதியுடைய வழிகள் அவை. ஒரு வழி ஒளிபரப்பாகி உலகம் ஆனதாலேயே மற்றவை ‘மற்றோர்’ என்னும் அடையைப் பெற்றன. அதாவது தழுவல், சமநிலையில் இருந்த கிளைகளைத் தண்டு என்றும் இணைப்பு என்றும் தரம் பிரித்துவிட்டது. அத்தரப்பிரிவை உறுதிப்படுத்தியது வட்டின் பொருளடக்க வரிசை. கடைசி வட்டின் கடைசியில் வைக்கப்பட்ட ஒன்றை எவரும் பிற்சேர்க்கையாகவே பார்ப்பர்.

மணிக்கணக்கில் நீளும் ஒரு வழியை இருபத்து நான்கு நிமிடங்களில் அடக்கியதால் அவ்வத்தியாயங்கள் வேகமாக ஓடுகின்றன என்ற குறை உண்டு. அது உண்மையே. ஆயினும் தொடரை முழுமையாகப் பார்த்து முடித்தவருக்கு அவை தரும் அனுபவம், விளையாட்டை இரண்டாம் முறை ஆடுவோரின் அனுபவத்திற்கு மிக அணுக்கமானது. நகிசா அங்கும் இருக்கிறாள்; ஆனால் யாரோ ஒருத்தியாக. முன்பு நாயகியாகக் கண்டவளை ஓரத்தில் காணும் நெருடலைத் தொலைக்காட்சி வடிவம் ஒருபோதும் தந்திருக்க முடியாது.

பெர்சோனா 4: விலைக்குக் கிடைத்த உண்மை

அட்லஸ் நிறுவனத்தின் பெர்சோனா 4, 2008 ஜூலையில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக வெளிவந்தது. ஓராண்டு காலம் இனாபா என்னும் சிற்றூரில் மாமன் வீட்டில் தங்க வரும் மாணவன், நண்பர்களுடன் சேர்ந்து ஒரு தொடர்கொலையின் மர்மத்தைத் துலக்குவதே கதை. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளையும் எவ்வாறு செலவிடுவது என்பதை ஆடுபவரே முடிவு செய்வார். நாயகனுக்குப் பெயரும் ஆடுபவர் இட்டதே. செய்ஜி கிஷியின் இயக்கத்தில் 2011 அக்டோபர் முதல் 2012 மார்ச் வரை ஒளிபரப்பான தொடர், அவனுக்கு யூ நருகாமி என்று பெயர் சூட்டியது. பின்னர் வந்த விளையாட்டுகள் அப்பெயரையே ஏற்றுக்கொண்டன. தழுவல் மூலத்திற்குப் பெயர் கொடுத்த அரிய நிகழ்வு இது.

இவ்விளையாட்டின் முடிவுகள் தரவரிசையில் அமைந்தவை. ஆண்டிறுதியில் மருத்துவமனையில் நிகழும் ஒரு காட்சியில் சினத்தால் தவறான முடிவெடுத்தால் கதை துயரத்தில் முடியும். அதைக் கடந்து கொலையாளியைக் கண்டுபிடித்து, மூடுபனியை அகற்றினால் நல்ல முடிவு. இறுதிப் பெயர்ப்பட்டியலும் ஓடிவிடும். ஆயினும் அது முழு முடிவன்று. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முந்தைய நாள், நண்பர்கள் அனைவரிடமும் விடைபெற்ற பின், வீடு திரும்பலாமா என்று விளையாட்டு கேட்கிறது. திரும்பாமல், ஏதோ ஒன்று மிச்சமிருக்கிறது என்ற உள்ளுணர்வோடு தங்குபவருக்கே உண்மை முடிவு திறக்கும். முதல்நாள் பெட்ரோல் நிலையத்தில் கைகுலுக்கிய பணியாளர் யார் என்னும் வினாவுக்கு அங்கேதான் விடை. உண்மையைத் தேடுவதை நிறுத்தாதே என்பது இக்கதையின் அடிநாதம். அதை ஆடுபவரே தம் செயலால் மெய்ப்பிக்கும்படி விளையாட்டு வடிவமைக்கப்பட்டிருந்தது.

தொலைக்காட்சித் தொடர் 25 பகுதிகளில் நல்ல முடிவோடு நின்றது. உண்மை முடிவு 26ஆம் பகுதியாக, 2012 ஆகஸ்டில் வெளியான பத்தாவது வட்டில் இடம்பெற்றது. இதை வெறும் வணிகத் தந்திரம் என்று தள்ளிவிடுவது எளிது. சற்று ஆழ்ந்து நோக்கினால், மூலத்தின் அமைப்போடு இதற்கு வியப்பூட்டும் ஒற்றுமை இருப்பதைக் காணலாம். விளையாட்டில் பெயர்ப்பட்டியல் ஓடியதும் நிறைவடைந்தவர் உண்மையை இழந்தார். தொடரில் ஒளிபரப்பு முடிந்ததும் நிறைவடைந்தவரும் அவ்வாறே இழந்தார். போலி முடிவுக்குப் பின் ஓர் உண்மை முடிவு மறைந்திருக்கிறது என்னும் கட்டமைப்பை, ஒளிபரப்புக்கும் வட்டுக்கும் இடையிலான இடைவெளி ஏறக்குறைய அப்படியே நகலெடுத்துவிட்டது.

வேறுபாடு ஒன்று உண்டு; அது பெரிது. விளையாட்டில் உண்மைக்கான விலை கவனம். தொடக்கக் காட்சியை நினைவில் வைத்திருந்தவரும், நண்பர்களிடம் பேச நேரம் செலவிட்டவரும் அதைப் பெற்றனர். வட்டில் அதற்கான விலை யென். கதை எதை அறமாக முன்வைக்கிறதோ அது இங்குப் பொருளியல் செயலாக மாறிவிட்டது. தயாரிப்பாளர்கள் இவ்வொப்புமையை எண்ணிச் செய்தார்களா என்பது இங்குப் பொருட்டன்று. விளைவு பார்வையாளர் சமூகத்தை இரண்டாகப் பிரித்தது: கதை முடிந்துவிட்டது என்று கருதியவர் ஒருபுறம், முடியவில்லை என்று அறிந்தவர் மறுபுறம்.

ஸ்டைன்ஸ்;கேட்: கிளை விளையாட்டுக்கே திரும்பியது

மேற்கண்ட இரண்டிலும் வட்டு, விடுபட்டதைத் தாங்கியது. ஸ்டைன்ஸ்;கேட் வேறு வகை. 5பிபி, நைட்ரோபிளஸ் ஆகியவை இணைந்து உருவாக்கிய இக்காட்சி நாவல் 2009 அக்டோபர் 15 அன்று எக்ஸ்பாக்ஸ் 360 கருவிக்காக வெளியானது. வைட் ஃபாக்ஸ் தயாரித்த தொடர் 2011 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 24 பகுதிகளாக ஒளிபரப்பானது.

கடந்த காலத்திற்குக் குறுஞ்செய்தி அனுப்ப முடியும் என்று தற்செயலாகக் கண்டறியும் இளைஞர் குழுவின் கதை இது. நண்பர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஆசைக்காகக் கடந்த காலத்தை மாற்ற, அதன் விளைவாக மயூரி என்னும் தோழி எவ்வகையிலும் இறக்கிறாள். அவளைக் காக்க நாயகன் ஒகாபே, அம்மாற்றங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வருகிறான். விளையாட்டில், ஆடுபவர் நீக்க மறுக்கும் இடத்திலேயே கிளைமுடிவு ஏற்படும். ஒருவரின் ஆசையை அழிக்க மனமில்லாமல் அங்கேயே தங்கிவிடுவதுதான் அக்கிளை. தொடரில் ஒகாபே ஒவ்வோர் இடத்திலும் நின்று, தயங்கி, பின் நீக்கிவிட்டு நகர்கிறான். ஆகவே தண்டே எல்லாக் கிளைகளின் அடிவாரத்தையும் தொட்டுச் செல்கிறது. விளையாட்டுத் தழுவல்களுள் இது மிகச் செம்மையாக அமைந்ததற்கு, மூலத்தின் கிளையமைப்பே ஒரு வரிசையாகச் சொல்லத்தக்கதாக இருந்தது முதன்மைக் காரணம் எனலாம்.

எனவே 2012 பிப்ரவரி 22 அன்று ஒன்பதாம் வட்டோடு வந்த 25ஆம் பகுதி எந்தக் கிளையையும் மீட்க வேண்டியிருக்கவில்லை. முடிவுக்குப் பின் பாத்திரங்கள் அமெரிக்கா செல்லும் பின்னிணைப்புக் கதையாக அது அமைந்தது.

கிளை பின்னர் வேறு வழியில் வந்தது. 2015 டிசம்பரில், அடுத்த விளையாட்டான ஸ்டைன்ஸ்;கேட் 0 வெளியாகவிருந்த வேளையில், தொடரின் மறுஒளிபரப்பில் 23ஆம் பகுதிக்குப் பதிலாக அதன் மாற்றுவடிவம் காட்டப்பட்டது. முதல் வடிவத்தில் தோல்வியிலிருந்து மீண்டெழும் ஒகாபே, மாற்றுவடிவத்தில் எழவில்லை. நான்காண்டுகளுக்கு முன் பார்த்த அதே பகுதி என்று எண்ணி அமர்ந்தவர்கள் வேறொரு கதையைக் கண்டனர். பதிப்பியல் நோக்கில் இது கருதத்தக்கது: ஒரே தொடர், ஒரே எண், இரண்டு பாடங்கள், இரண்டும் உரிமையாளராலேயே வெளியிடப்பட்டவை. இங்கு எதையும் இடைச்செருகல் என்று விலக்க இயலாது.

2018 செப்டம்பரில் ஸ்டைன்ஸ்;கேட் எலைட் என்னும் விளையாட்டு வந்தது. அதன் காட்சிகள் 2011 தொடரிலிருந்தே எடுக்கப்பட்டவை. தொடரில் இல்லாத கிளைமுடிவுகளுக்கு மட்டும் வைட் ஃபாக்ஸ் புதிதாக அசைவூட்டம் செய்து தந்தது. விளையாட்டு தொடராகி, அத்தொடர் மீண்டும் விளையாட்டாகி, விடுபட்ட கிளைகள் அசைவூட்டம் பெற்று ஆடுபவரின் கைக்கே திரும்பின. கிளனாட் வட்டின் கடைசியில் வைத்ததை, ஸ்டைன்ஸ்;கேட் தெரிவின் வழியே அடையத்தக்கதாக வைத்தது. கிளைகளுக்கு உரிய இடம் இதுவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

வட்டில் வராதவை, மாறி வந்தவை

கூடுதலாகச் சேர்வது மட்டுமே வட்டின் இயல்பன்று. 1996இல் வெளியான விளையாட்டிலிருந்து பிறந்த போக்கிமான் தொடரின் 38ஆம் பகுதி, 1997 டிசம்பர் 16 அன்று டிவி டோக்கியோ வலையமைப்பில் ஒளிபரப்பானது. சிவப்பும் நீலமும் மாறிமாறி விரைந்து மின்னிய காட்சியால் வலிப்பு முதலிய பாதிப்புகளுக்கு உள்ளாகி 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். தொடர் நான்கு மாதங்கள் நிறுத்தப்பட்டு 1998 ஏப்ரலில் மீண்டும் தொடங்கியது. அப்பகுதி அதன்பின் ஒளிபரப்பாகவுமில்லை, எந்நாட்டிலும் வட்டாக வரவுமில்லை. முந்தைய பகுதிகளில் இருந்த மின்னல் காட்சிகள் பிற்காலப் பதிப்புகளில் தணிக்கப்பட்டன. எனவே இன்று விற்பனையில் கிடைக்கும் முதல் பருவம், 1997இல் குழந்தைகள் பார்த்த தொடரின் சரியான பதிவாகாது. அதன் பின்னர் வகுக்கப்பட்ட ஒளிபரப்பு நெறிமுறைகளால், விரைந்து ஒளிரும் காட்சிகளைத் தொலைக்காட்சியில் மங்கலாக்கிக் காட்டுவது வழக்கமாயிற்று. வட்டில் அம்மங்கல் நீங்கியிருப்பதும் உண்டு. இங்குத் தெளிவான படிமம் பிற்காலத்ததாகவும், மங்கிய படிமம் முற்காலத்ததாகவும் இருக்கும் விந்தையை ஆய்வாளர் கவனத்தில் கொள்ள வேண்டும்.

ஸ்கூல் டேஸ் இதற்கு மறுதலை. 2005இல் வந்த விளையாட்டின் பல முடிவுகளுள் கொடிய ஒன்றை நோக்கி 2007ஆம் ஆண்டுத் தொடர் நகர்ந்தது. இறுதிப் பகுதி ஒளிபரப்பாகவிருந்த செப்டம்பர் 18 அன்று, கியோட்டோ மாகாணத்தில் நிகழ்ந்த ஒரு கொலைச் செய்தியை ஒட்டி, டிவி கனகாவா அப்பகுதியை நிறுத்தி, மென்மையான இசையுடன் இயற்கைக் காட்சிகளை ஒளிபரப்பியது. அந்நிலையத்தின் பார்வையாளர்களுக்குத் தொடரின் முடிவு இயற்கைக் காட்சிகளே. முடிவை அறிய அவர்கள் கட்டணத் தொலைக்காட்சியையோ டிவிடியையோ நாட வேண்டியிருந்தது.

கடல் கடந்த பதிப்புகள்

அயல்நாட்டு வெளியீட்டில் இம்மாற்றங்கள் இன்னும் பெருகும். கிசாபுரோ சுகியின் இயக்கத்தில் 1994 ஆகஸ்டில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 திரைப்படத்தின் ஆங்கில வடிவத்தில் ஜப்பானிய இசை நீக்கப்பட்டு, கார்ன், ஆலிஸ் இன் செயின்ஸ் முதலிய மேலைநாட்டு இசைக்குழுக்களின் பாடல்கள் சேர்க்கப்பட்டன. ஜப்பானில் இருபது இலட்சம் படிகளுக்கு மேல் விற்ற ரியோக்கோ ஷினொஹாராவின் பாடல் ஆங்கில வடிவில் இல்லை. காட்சிகள் வெட்டப்பட்ட படியும் வெட்டப்படாத படியும் அமெரிக்காவில் தனித்தனியே விற்கப்பட்டன. எந்த நாட்டில், எந்த ஆண்டு வாங்கிய படி என்று சொல்லாமல் அப்படத்தின் இசையைப் பற்றி எழுதுவது பொருளற்றது.

விலை வேறுபாடும் பாடவேறுபாட்டை உண்டாக்கியது. டிவிடிக்கு ஜப்பான் 2ஆம் மண்டலம், வட அமெரிக்கா 1ஆம் மண்டலம். ஒன்றன் வட்டு மற்றதன் கருவியில் ஓடாது. புளூ-ரே வந்தபோது இரண்டும் ஒரே ‘ஏ’ மண்டலமாயின. ஜப்பானில் இரண்டு பகுதிகளுக்கு ஆகும் விலையில் அமெரிக்காவில் பாதித் தொடரையே வாங்கலாம் என்பதால், ஜப்பானிய நுகர்வோர் அங்கிருந்து வரவழைத்துக்கொள்வர் என்ற அச்சம் உரிமையாளர்களுக்கு எழுந்தது. 2012இல் பெர்சோனா 4 தொடரின் அமெரிக்கப் புளூ-ரே, ஜப்பானியக் குரல் இன்றி ஆங்கிலக் குரலுடன் மட்டும் வெளியானதை இப்பின்னணியில் புரிந்துகொள்ளலாம். படத்தரம் குறைந்த டிவிடியில் இரு மொழிகளும் இருந்தன. மூலமொழி வேண்டுவோர் தெளிவை இழக்க வேண்டும்; தெளிவு வேண்டுவோர் மூலமொழியை இழக்க வேண்டும். இந்தியா புளூ-ரேயில் ‘சி’ மண்டலத்தையும் டிவிடியில் 5ஆம் மண்டலத்தையும் சேர்ந்தது. எனவே மண்டலப் பூட்டுள்ள ஜப்பானிய வட்டுகளை இங்கு விற்கும் கருவிகளில் நேரடியாகப் பார்க்க இயலாது.

ஆய்வாளரும் பதிப்பும்

தமிழில் அனிமே பற்றி ஆராய்வோர் பெரும்பாலும் ஓடிடி தளங்களையே நம்ப வேண்டியுள்ளது. அத்தளங்கள் உரிமம் பெற்றதையே காட்டுகின்றன. தொலைக்காட்சிப் பகுதிகளுக்கான உரிமமும் வட்டுக்கென உருவான பகுதிகளுக்கான உரிமமும் தனித்தனியே அமையக்கூடியவை. பெர்சோனா 4 தொடரை 25 பகுதிகளாகப் பார்த்த ஒரு மாணவர், அத்தொடர் மூலத்தின் தத்துவ மையத்தைக் கைவிட்டது என்று எழுதினால், அவருடைய தருக்கத்தில் பிழை இருக்காது; அவர் கையில் இருந்த படியே குறையுடையது. கிளனாட் தொடர் தொமோயோவுக்கு அநீதி இழைத்தது என்னும் கருத்தும் அவ்வகையினதே. நெறியாளர் முதலில் கேட்க வேண்டியது, எந்தப் படி என்பதையே.

நடைமுறையில் சில செய்திகளை ஆய்வேட்டிலேயே பதிவு செய்தல் வேண்டும். ஒளிபரப்பு நாள், வட்டு வெளியான நாள், வெளியீட்டு நிறுவனமும் நாடும், வட்டின் எண், பார்த்த படியில் உள்ள பகுதிகளின் எண்ணிக்கை, குரல்மொழி ஆகியவை இன்றியமையாதவை. ஓடிடி தளத்தில் பார்த்திருந்தால் பார்த்த நாளையும் குறிப்பிட வேண்டும். தளம் ஒரு பகுதியை மாற்றினாலோ நீக்கினாலோ முந்தைய வடிவத்தை எவரும் மீண்டும் காண முடியாது. மூல விளையாட்டைக் குறிக்கும்போது கருவியின் பெயரும் தேவை. ஒரே விளையாட்டு வேறு கருவிக்கு மறுவெளியீடு பெறும்போது புதிய பாத்திரங்களும் புதிய முடிவுகளும் சேர்வது வழக்கம்.

ஜப்பானின் தேசிய நாடாளுமன்ற நூலகம் 2000ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி, குறுவட்டு, டிவிடி போன்ற வட்டுவடிவ வெளியீடுகளையும் நூல்களைப்போல் பெற்றுச் சேமித்து வருகிறது. வட்டுக்குக் கிடைத்த இந்நூல் தகுதி, ஒருமுறை மறுஒளிபரப்பில் தோன்றிய மாற்றுப் பகுதிக்கு இல்லை; ஓடிடி தளத்தில் சொல்லாமல் மாற்றப்பட்ட ஒரு காட்சிக்கும் இல்லை. வட்டு விற்பனை ஆண்டுதோறும் சுருங்கிவரும் இக்காலத்தில், புதிய தழுவல்களின் கைவிடப்பட்ட கிளைகள் எந்த ஊடகத்தில் தங்கும் என்பது இன்னும் முடிவாகவில்லை.